மரக்கன்னு நட்டா மருந்து கம்பெனி பச்சையாயிடுமா?

கேள்வி: சார், நான் ஒரு மருந்து கம்பெனியோட லேப்ல இருக்கேன். போன மாசம் எங்க சுற்றுச்சூழல் ரிப்போர்ட் வந்துச்சு, அட்டை பூரா பச்சை இலை, உள்ள சோலார் பேனல், மரக்கன்னு, பேப்பர் கப் ஒழிப்பு. ஆனா எங்க லேப்லேர்ந்து தினமும் மூணு மூட்டை பிளாஸ்டிக் வெளிய போகுது. இந்த ரிப்போர்ட்ட நம்பலாமா?

பதில்: நம்புறதுக்கு முன்னாடி அதுல சால்வென்ட்னு, அதாவது பொருள கரைக்க ஊத்துற திரவம்னு, ஒரு வார்த்தை எத்தன தடவ வருதுன்னு எண்ணிப் பாருங்க. ரோஜர் ஷெல்டன்னு ஒரு வேதியியல் பேராசிரியர் 1992ல ஈ-ஃபேக்டர்னு ஒரு கணக்கு போட்டாரு, ஒரு கிலோ சரக்கு செய்ய எத்தன கிலோ கழிவு வருதுங்கறதுதான் அது, பெட்ரோல் சுத்திகரிப்புல 0.1 கிலோ கூட வரல, மருந்துல 25லேர்ந்து 100 கிலோ, சிலதுல அதுக்கும் மேல! புகை கக்குற ரீஃபைனரிய திட்டுறோம், வெள்ளை கோட்டு போட்ட தொழில் பக்கம் நம்ம பார்வையே போறதில்ல. மொத்த அளவ வெச்சுப் பாத்தா ரீஃபைனரிதான் பெருசு, அத ஒத்துக்கறேன், ஆனா கிலோவுக்கு கிலோன்னு வந்தா கத வேற. இதுல பெரும்பங்கு சால்வென்ட்தான், ரியாக்‌ஷனுக்கு ஊத்தணும், பிரிச்செடுக்க ஊத்தணும், அடுத்த பேட்ச்சுக்கு முன்னாடி டேங்க் கழுவவும் ஊத்தணும், கடைசில அதுல நெறைய எரிக்கத்தான் போகுது.

மாத்த முடியாதான்னா, முடியும். இபுப்ரோஃபென்னு ஒரு வலி மருந்து, பழைய முறைல 6 ஸ்டெப், போடுற அணுக்கள்ல 40 சதவீதம்தான் மருந்துக்குள்ள போய் சேரும், புது முறைல 3 ஸ்டெப், 77 சதவீதம். அப்ப ஏன் எல்லாரும் செய்யலன்னு கேப்பீங்க. ஒரு தடவ அப்ரூவல் வாங்கின செய்முறைல பெருசா கை வெச்சா திரும்ப டேட்டா குடுக்கணும், மருந்து கெடாம நிக்கும்னு காட்டணும், அனுமதிக்கு காத்திருக்கணும், அதுக்கு மரக்கன்னு நடுறது ஈஸி இல்லையா. அதனால மருந்து இன்னும் டெவலப்மென்ட்ல இருக்கும்போதே இந்த கழிவு கணக்க போடுற கம்பெனிய நான் நம்புவேன்.

உங்க மூட்டைக்கு வரேன். இங்கிலாந்துல எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்துல ஒரு உயிரியல் துறை 2014ல எவ்ளோ பிளாஸ்டிக் போட்டுதுன்னு கணக்கு பாத்தாங்க, 280 ஆராய்ச்சியாளர்களுக்கு 267 டன், ஆளுக்கு கிட்டத்தட்ட ஒரு டன்! அது கூட கண்ணுக்கு தெரியுது, கரண்டுதான் தெரியாது. நாளைக்கு சாம்பிள் வைக்கற உங்க மைனஸ் 80 டிகிரி ஃப்ரீஸர தொறந்து கீழ்த்தட்ட பாருங்க, ஐஸ் மூடின ஒரு டப்பா இருக்கும், மேல வேலைய விட்டு எப்பவோ போனவரோட இனிஷியல், உள்ள என்னன்னு யாருக்கும் தெரியாது, தூக்கிப் போடவும் தைரியம் வராது, அதுக்காக ராத்திரி பகலா கம்ப்ரெஸர் ஓடிக்கிட்டிருக்கும். சாம்பிளுக்கு ஒத்துவந்தா மைனஸ் 70ல வைங்க, கரண்ட் சுமார் 30 சதவீதம் மிச்சம். ஃப்யூம் ஹூட், அதான் லேப்ல கெமிக்கல் புகைய வெளிய இழுக்குற பெட்டி, அதோட கண்ணாடியையும் வேலை முடிஞ்சதும் இறக்கி விடுங்க.

கேள்வி: கம்பெனியோட கார்பன் கணக்குல ஸ்கோப் 1, 2, 3ன்னு சொல்றாங்களே, சுருக்கமா சொல்லுங்க?

பதில்: நீங்களே எரிக்கறது 1, வாங்குற கரண்ட் 2, சப்ளையர் ஃபேக்டரிலேர்ந்து உங்க சரக்க வாங்கினவர் கை வரைக்கும் மிச்சம் எல்லாம் 3. மருந்து கம்பெனிகளுக்கு பெரும்பாலும் 3தான் பூதம், அதனால நெட் ஜீரோன்னு, அதாவது எங்க கார்பன் கணக்கு கூட்டிக் கழிச்சா சைபர்னு, விளம்பரம் பாத்தா 3 உள்ள இருக்கான்னு முதல்ல பாருங்க.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா. நான் அடிக்கற இன்ஹேலர் பூமிய சூடாக்குதாமே, விட்டுடலாமா?

பதில்: அய்யோ, விட்டுடாதீங்கம்மா! தப்பு உங்களோடது இல்ல, மருந்த தள்ளி விடுற கேஸோடது. முன்ன ஓசோன ஓட்டை போடுற சிஎஃப்சி இருந்துச்சு, 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் படிப்படியா அத எடுத்துட்டு ஹெச்எஃப்ஏ 134ஏ கொண்டு வந்தாங்க, அது ஓசோன தொடாது, ஆனா எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைட விட 1,300 மடங்குக்கு குறையாம சூடாக்கும். இப்ப கம்பெனிகள் சூடு கம்மியான கேஸுக்கு மாறிக்கிட்டிருக்காங்க. பவுடர் இன்ஹேலர்ல கேஸே கிடையாது, ஆனா அத வேகமா ஆழமா இழுக்கணும், சின்ன குழந்தைக்கும் மூச்சு ரொம்ப பலவீனமா இருக்கறவங்களுக்கும் சரிப்படாது, அதனால டாக்டர கேட்டுட்டு மாறுங்க. தீந்துபோன இன்ஹேலர குப்பைல வீசாதீங்க, மருந்து தீந்தாலும் கேஸ் கொஞ்சம் உள்ள நிக்கும், திரும்ப வாங்கிக்கற மருந்துக்கடை இருந்தா அங்கயே குடுத்துடுங்க.