காற்றுத் தூசியில் கரும்புப் புகை எது, லாரிப் புகை எது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டொங்காட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: கரும்பு எரிக்கும் நாளில் கொடித் துணியில் கரி விழுகிறது, நெடுஞ்சாலைப் புகையும் சேர்கிறது, இரண்டையும் பிரித்தறிய முடியுமா என்று.

ஓரளவு முடியும். துணியில் விழுவது பெரிய துகள். நுரையீரலின் ஆழம்வரை போவது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியது. ஆய்வில் அளப்பது அதைத்தான்.

பம்பு வைத்து, குவார்ட்ஸ் இழை வடிதாள் வழியே, பெரும்பாலும் 24 மணி நேரம் காற்றை இழுப்பார்கள். தாளை முன்னதாகவே சுமார் 550 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காகச் சுட்டெடுக்காவிட்டால், அதில் ஏற்கெனவே ஒட்டியிருந்த கரிமமும் கணக்கில் ஏறிவிடும். பிறகு ஒரு துண்டை ஹீலியத்தில் சூடாக்கினால் வெளியேறுவது கரிமச் சேர்மங்கள்; ஆக்சிஜன் சேர்த்தபின் எரிவது கரி. சிக்கல் என்னவென்றால், சேர்மங்களில் ஒரு பகுதி சூட்டிலேயே கருகிக் கரியாகிவிடும். லேசர் ஒளியால் அதைத் திருத்துவார்கள். ஒரே தாளுக்கு முறைக்கு முறை எண் மாறுவது இங்கேதான்.

இன்னொரு துண்டைக் கரைப்பானில் ஊறவைத்து, சாற்றிலுள்ள சேர்மங்களைக் கருவியில் தனித்தனியாகப் பிரிப்பார்கள். லெவோகுளுக்கோசான் என்ற சேர்மம் கிடைத்தால் செல்லுலோஸ், அதாவது தாவர நார்ப்பொருள், எரிந்திருக்கிறது. ஹோப்பேன்கள் என்ற சேர்மங்கள் கிடைத்தால் புகை வந்தது எஞ்சின் எண்ணெயிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ. ஆனால் எரிந்தது கரும்பா, பக்கத்து வீட்டு விறகா என்று லெவோகுளுக்கோசான் மட்டும் சொல்லாது. அதற்குக் காற்று வீசிய திசையையும் தோட்டம் எரித்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.