இரண்டு ஆபீஸும் "அவங்களைக் கேளுங்க" என்று சொன்னால்

கேள்வி: அக்கா, நாங்கள் ஸ்காட்லாந்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வீட்டுக்காரருக்கு ஐ.டி. வேலை, ஸ்கில்டு ஒர்க்கர் விசா. மகனுக்கு 3 வயசு 2 மாசம், இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. பத்து மாசத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்த ஹெல்த் விசிட்டர் (சின்னக் குழந்தைகளைக் கவனிக்கும் நர்ஸ்) ஸ்பீச் தெரபிக்கு எழுதிப் போட்டார். நர்சரியில் கேட்டால் "அது என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) விஷயம், எங்களுக்கு ஒரு காகிதமும் வரல" என்கிறார்கள். தெரபி ஆபீஸில் கேட்டால் "வரிசையில இருக்கீங்க, அதுவரைக்கும் நர்சரியில பேசுங்க" என்கிறார்கள். நடுவில் நாங்கள் வீடு மாறினோம், ஹெல்த் விசிட்டரும் மாறிவிட்டார். யாரைப் பிடிப்பது? ரொம்பக் கேட்டால் சோஷியல் ஒர்க்கில் (குழந்தைப் பாதுகாப்பைப் பார்க்கும் துறையில்) கொண்டுபோய் விட்டுவிடுவார்களோ, விசாவில் கை வைப்பார்களோ என்று வீட்டுக்காரருக்குப் பயம். ஊரிலிருந்து மாமியார் "ரெண்டு பாஷை பேசினா அப்படித்தான் ஆகும், தமிழை நிறுத்து" என்கிறார்.

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். நாளைக் காலையில் தெரபி ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு, அவர்களிடம் இருப்பது உங்கள் புது முகவரிதானா என்று கேளுங்கள். பல இடங்களில் வரிசை நெருங்கும்போது ஒரு கடிதம் வரும்: இத்தனை நாளுக்குள் போன் செய்து நேரம் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவோம் என்று. அந்தக் கடிதம் பழைய வீட்டின் கதவு இடுக்கில் விழுந்து கிடக்க, இங்கே அம்மா மாசக்கணக்கில் காத்துக்கொண்டிருந்த கதையை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஜி.பி.யிடம் (குடும்ப டாக்டரிடம்) முகவரி மாற்றிவிட்டோம், அது எல்லா இடத்துக்கும் போயிருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

அதே போனில் பையனின் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்றும் கேளுங்கள். நம் ஆட்களுக்கு இது தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகியிருக்கும், நர்சரியில் இனிஷியலை விட்டுவிட்டுப் பையன் பெயரை மட்டும் எழுதியிருப்போம், ஜி.பி.யில் இரண்டும் இடம் மாறிக் கிடக்கும். இங்கே ஒவ்வொருவருக்கும் சி.எச்.ஐ. எண் என்று பத்து இலக்க எண் உண்டு. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. என்.எச்.எஸ்.ஸுக்கு எதை எழுதினாலும் அந்த எண்ணை மேலே எழுதுங்கள். பெயர் எப்படித் திரும்பிக் கிடந்தாலும் அந்த எண்ணை வைத்துத் தேடிவிடுவார்கள்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி, யாரைப் பிடிப்பது. பொதுவாக ஹெல்த் விசிட்டரும் ஸ்பீச் தெரபிஸ்டும் ஹெல்த் போர்டின், அதாவது என்.எச்.எஸ்.ஸின் வட்டார நிர்வாகத்தின் ஆட்கள். நர்சரி, பள்ளி, கல்வி உளவியலாளர், சோஷியல் ஒர்க்கர் எல்லாம் கவுன்சில், அதாவது உள்ளாட்சி. ஸ்காட்லாந்தில் ஹெல்த் போர்டு 14, கவுன்சில் 32. எல்லா இடத்திலும் ஒரு போர்டுக்கு ஒரு கவுன்சில் என்ற கணக்கு இல்லை. ஃபைஃபில் ஒரு போர்டுக்கு ஒரு கவுன்சில்தான். லோதியன் போர்டுக்குக் கீழே எடின்பரோவோடு சேர்த்து நான்கு கவுன்சில்கள். ஆகவே வீடு மாறும்போது சிலருக்குக் கவுன்சில் மட்டும் மாறும், சிலருக்கு இரண்டும் மாறும். போர்டே மாறியிருந்தால் பழைய வரிசையில் இருந்த இடம் தானாகக் கூடவே வரும் என்று எண்ண வேண்டாம். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் 2014-இல் கூட்டுப்பணிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இப்போது நாடு முழுக்க 31 ஹெல்த் அண்ட் சோஷியல் கேர் பார்ட்னர்ஷிப்கள் என்ற கூட்டு அமைப்புகள் இருக்கின்றன. பெயரைக் கேட்டால் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அந்தச் சட்டம் கட்டாயமாகச் சேர்க்கச் சொன்னது பெரியவர்களுக்கான சேவைகளை. குழந்தைகள் சேவையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்தந்தப் பகுதிக்கே விட்டுவிட்டது. கிளாஸ்கோவில் குழந்தைகள், குடும்பங்களுக்கான சமூகப்பணி பார்ட்னர்ஷிப்புக்குள் இருக்கிறது. எடின்பரோவில் அது கவுன்சிலிலேயே இருக்கிறது. ஹைலேண்டில் 2012-இலேயே வேறு வழியில் போனார்கள்: ஹெல்த் விசிட்டர்களையே கவுன்சில் சம்பளத்துக்கு மாற்றி, பெரியவர்கள் பராமரிப்பை ஹெல்த் போர்டிடம் கொடுத்தார்கள். எந்த ஏற்பாட்டிலும் நர்சரி மட்டும் கல்வித்துறையை விட்டு நகரவில்லை. மேலே பலகை மாறிக்கொண்டே இருக்கும், அதற்காகக் கீழே நர்சரி டீச்சரின் கம்ப்யூட்டரில் தெரபிஸ்ட் எழுதிய குறிப்பு திறக்காது. பள்ளிகளின் சீமிஸ் என்ற கம்ப்யூட்டர் பதிவு வேறு, என்.எச்.எஸ். பதிவுகள் வேறு. "எங்களுக்கு ஒரு காகிதமும் வரல" என்று நர்சரியில் சொன்னது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும்.

காகிதம் தானாகப் போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நேம்டு பெர்சன் (அந்தக் குழந்தைக்கென்று பொறுப்பான ஒருவர்) இருக்க வேண்டும், துறைகள் தகவலைப் பகிர வேண்டும் என்று 2014-இல் இன்னொரு சட்டம் வந்தது. குடும்பத்தின் அந்தரங்க உரிமைக்கு அந்தத் தகவல் பகிர்வு விதிகள் ஒத்துவராது என்று 2016 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-இல் அரசு அந்தக் கட்டாயத் திட்டத்தையே கைவிட்டது. பழக்கமாக மட்டும் நேம்டு பெர்சன் முறை இன்னும் நடக்கிறது. பள்ளிக்குப் போகும்வரை பொதுவாக அது ஹெல்த் விசிட்டர். தகவலைப் பகிர உங்கள் சம்மதத்தைக் கேட்பார்கள். யாரும் கேட்கவில்லையென்றால் நீங்களே இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்: "என் மகனின் பேச்சு தொடர்பான தகவல்களை ஹெல்த் விசிட்டர், ஸ்பீச் தெரபி, நர்சரி மூவரும் பகிர்ந்துகொள்ளச் சம்மதம்." ஒரே காகிதத்தை மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்திலும் கொடுங்கள்.

அடுத்தது, நீங்கள் எழுத வேண்டிய கடிதம். என் அனுபவத்தில் ஹெல்த் போர்டை விரட்டுவதைவிடக் கவுன்சிலுக்கு எழுதுவதுதான் வேலைக்கு ஆகும். பேச்சு என்.எச்.எஸ். விஷயமாச்சே என்று தோன்றும். ஆனாலும் கவுன்சிலுக்கு எழுதச் சொல்வதற்குக் காரணம் 2004-ஆம் வருஷத்துக் கூடுதல் கற்றல் ஆதரவுச் சட்டம். மூன்று வயசு ஆகி அரசு செலவில் நர்சரியில் இருக்கும் பிள்ளைக்குக் கற்றலில் கூடுதல் ஆதரவு தேவையா என்று பார்ப்பதும், தேவையென்றால் கொடுப்பதும் கவுன்சிலின் பொறுப்பு. கவுன்சில் பணம் கட்டும் தனியார் நர்சரியாக இருந்தாலும் அப்படித்தான். இந்தச் சட்டத்தில் நோயின் பெயர் கேட்க மாட்டார்கள், தேவை இருந்தால் போதும். "டயக்னோசிஸ் வரட்டும், பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று நீங்கள் பணிவாகவே சொல்லலாம்.

அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவுதான் உங்களுக்கு முக்கியம். தன் கடமையைச் செய்ய ஹெல்த் போர்டின் உதவி வேண்டும் என்று கவுன்சில் கேட்டால், போர்டு சில விதிவிலக்குகள் தவிர உதவியாக வேண்டும். அதற்கு 10 வாரக் கெடுவும் உண்டு. நீங்கள் பத்து மாசமாகத் தட்டும் அதே கதவை, சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தட்டக்கூடியது கவுன்சில். ஆனால் யாரும் எழுதிக் கேட்காமல் கவுன்சில் தானாகப் போய்த் தட்டுவது அபூர்வம். பெரும்பாலான பெற்றோர் நர்சரி வாசலில், கோட்டு மாட்டிவிடும் அந்த இரண்டு நிமிஷத்தில் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அது எங்கேயும் பதிவாகாது. சட்டப்படியான கோரிக்கை எழுத்திலோ ஒலிப்பதிவு போல அழியாத வடிவிலோ இருக்க வேண்டும், ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணமும் அதில் இருக்க வேண்டும்.

நர்சரி மேனேஜர், கவுன்சில் கல்வித்துறையின் கூடுதல் ஆதரவுப் பிரிவு என்று இரண்டு இடத்துக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். பையன் பெயர், பிறந்த தேதி, நர்சரி பெயர். எந்த மாசத்தில் ஹெல்த் விசிட்டர் எழுதிப் போட்டார், இன்றுவரை எத்தனை மாசம். வீட்டில் என்ன நடக்கிறது என்று இரண்டு மூன்று காட்சி: தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான், நாம் சொல்வது புரிகிறதா இல்லையா, மற்ற பிள்ளைகளோடு எப்படி இருக்கிறான். அதன் பிறகு கேட்க வேண்டியவை: கூடுதல் ஆதரவுச் சட்டப்படி இவன் தேவையை மதிப்பிடுங்கள், 23-ஆம் பிரிவின் கீழ் ஹெல்த் போர்டின் உதவியைக் கேளுங்கள், ஹெல்த் விசிட்டரையும் தெரபியையும் நர்சரியையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்து ஒரு சைல்ட்ஸ் பிளான் (இந்தப் பிள்ளைக்கு யார் என்ன செய்வது என்ற எழுத்துத் திட்டம்) போடுங்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் இருவருமே போகலாம். சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், பலர் இப்போது வீடியோவில்தான் வருவார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம். கூட்டம் முடிந்து எழுந்திருக்கும் முன் ஒன்றை மட்டும் பெறாமல் வராதீர்கள்: லீட் புரொஃபஷனல், அதாவது எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பாளர், யார் என்ற பெயர். ஒரே ஒருவர் பெயர். எதை யார், எந்தத் தேதிக்குள் செய்வது என்று பிளானில் எழுதியிருக்க வேண்டும். "ஸ்பீச் தெரபிக்குக் காத்திருக்கிறோம்" என்பது பிளான் ஆகாது. "தெரபிஸ்ட் ஒரு தடவை நர்சரிக்கு வந்து, படங்களைக் காட்டிப் பேச வைக்கும் முறையை ஊழியர்களுக்குக் காட்டுவார்" என்றால்தான் பிளான். வரிசையில் நிற்கும்போதே இந்த உதவியைக் கேட்கலாம், பல இடங்களில் தருகிறார்கள்.

கோஆர்டினேட்டட் சப்போர்ட் பிளான் என்று ஒன்றும் காதில் விழும். இரண்டு துறைகளின் கணிசமான உதவி ஒரு வருஷத்துக்கு மேல் தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது. அதற்குச் சட்ட பலம் உண்டு, மறுத்தால் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். ஆனால் மிகக் குறைவான பிள்ளைகளுக்குத்தான் கொடுக்கிறார்கள். பேச்சுத் தாமதம் மட்டும் என்றால் இப்போதே அதில் இறங்க வேண்டாம். இது பற்றியெல்லாம் ஆங்கிலத்தில் இலவசமாக விளக்கம் சொல்ல என்குவயர் என்ற ஆலோசனைச் சேவை இருக்கிறது, அவர்களுக்குப் போன் செய்தால் பொறுமையாகப் பேசுவார்கள்.

கடிதத்துக்குப் பதிலே வரவில்லையென்றால் புகார்தான். நல்லவேளையாக இரண்டு பக்கமும் கணக்கு ஒன்றுதான்: முதல் கட்டம் 5 வேலை நாள், விசாரணைக் கட்டம் 20 வேலை நாள். அதற்கு மேல் ஸ்காட்டிஷ் பொதுச்சேவை ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர். அவர் கவுன்சிலையும் கேட்பார், ஹெல்த் போர்டையும் கேட்பார். "அவங்களைக் கேளுங்க" என்று அங்கே சொல்ல முடியாது.

உங்கள் வீட்டுக்காரரின் பயத்துக்கு வருகிறேன். உதவி கேட்பதும், பிள்ளைக்கு ஆபத்து என்று சோஷியல் ஒர்க் நுழைவதும் முற்றிலும் வேறு பாதைகள். பேச்சு வராத பிள்ளைக்காக ஓடியாடிக் கடிதம் எழுதும் பெற்றோரைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கடிதத்துக்கும் அப்பாயின்ட்மென்ட்டுக்கும் பதிலே சொல்லாமல் இருப்பதைத்தான் அவர்கள் குறித்துக்கொள்வார்கள். விசா விஷயத்தில் "நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்" (அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது) என்ற வரியைப் பார்த்துத்தான் நம்மவர்கள் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்குகிறார்கள். ஸ்பீச் தெரபி, ஹெல்த் விசிட்டர், 3 வயசுக்கு மேல் வருஷம் 1140 மணி நேர நர்சரி, அங்கே தரும் கூடுதல் ஆதரவு எதுவும் அந்தக் கணக்கில் வராது. வருஷத்துக்கு ஒரு குழந்தைக்கு 776 பவுண்டு என்று விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் (மருத்துவக் கட்டணம்) வாங்குகிறார்களே, பிறகென்ன கூச்சம்? ஒன்றில் மட்டும் கவனம்: சைல்ட் டிசபிலிட்டி பேமென்ட் (ஊனமுள்ள குழந்தைகளுக்கான உதவித்தொகை) பப்ளிக் ஃபண்ட்ஸ் கணக்கில் வரும். நல்லெண்ணத்தில் யாராவது அந்தப் படிவத்தை நீட்டினால், குடியேற்ற ஆலோசகரைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்தில் உட்காரும் ஊழியர்களில் பலருக்கு விசா விதி தெரியாது.

மாமியாருக்கு நீங்கள் தைரியமாகப் பதில் சொல்லலாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வராது. இங்கே ஸ்பீச் தெரபிஸ்டுகளின் நிலைப்பாடும் அதுதான், வீட்டு மொழியை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். தமிழை நிறுத்தினால் உங்களுக்கே தடுமாறும் ஆங்கிலத்தைத்தான் பிள்ளை கேட்டு வளர்வான்.

இதில் நான் நேரில் பார்த்த ஒன்று. 27-30 மாசப் பரிசோதனையில் ஒரு கேள்வித்தாள் தருவார்கள், பிள்ளை எத்தனை வார்த்தை சொல்கிறான், இரண்டு வார்த்தை சேர்க்கிறானா என்று. ஒரு அம்மா ஆங்கில வார்த்தைகளை மட்டும் எண்ணி ஆறு என்று எழுதியிருந்தார். பையன் கீழே உட்கார்ந்து காரை உருட்டிக்கொண்டிருந்தான். கார் சோஃபாவுக்கு அடியில் போனதும் நிமிர்ந்து, "அம்மா, எது!" என்றான். எடு என்று சொல்கிறான். அதை எண்ணினீர்களா என்று கேட்டேன். "அது தமிழாச்சே அக்கா" என்றார். இருவரும் உட்கார்ந்து திரும்ப எண்ணினோம். தண்ணி, வேணாம், பாப்பா, காக்கா, தாத்தா போயிட்டா... நாற்பதைத் தாண்டியது.

ஆகவே இந்த வாரம் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, அவன் வாயில் வரும் எல்லாவற்றையும் எழுதுங்கள். தமிழ், ஆங்கிலம், அரைகுறை எல்லாம். பக்கத்தில் ஆங்கில அர்த்தம். உச்சரிப்பு எப்படியோ அப்படியே. கூட்டத்துக்கு அதைக் கொண்டு போங்கள். அவன் தமிழ்ப் பேச்சைப் பற்றித் தெரபிஸ்டின் கையில் இருக்கப்போகும் ஆதாரம் பெரும்பாலும் அந்தத் தாள்தான். அதற்கு முன் காது பரிசோதனை ஆகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவில்லையென்றால் ஹெல்த் விசிட்டரிடமோ ஜி.பி.யிடமோ கேட்டு எழுதச் சொல்லுங்கள். பேச்சு வரிசைக்காக அது காத்திருக்கத் தேவையில்லை.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பள்ளி தொடங்கும் ஆகஸ்டில் அவனுக்கு 5 வயசு நிறைந்திருக்காவிட்டால், ஒரு வருஷம் தள்ளிச் சேர்க்கலாம். 2023 ஆகஸ்டிலிருந்து அந்தக் கூடுதல் வருஷ நர்சரிக்கும் அரசே பணம் கட்டுகிறது. அந்த முடிவுக்கு உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, தெரபிஸ்ட் அவனைப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம்.