குப்பி காலியில்லை, கொட்டேஷனைத்தான் பார்க்க வேண்டும்

கேள்வி: செல்களைப் பெருகத் தூண்டும் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சுண்டெலிப் புரதம் 25 மைக்ரோகிராம் வாங்கினேன். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. 1 மில்லி தண்ணீரில் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்து, பத்து நாள் கழித்துச் சிறுமூளைச் செல்களில் போட்டேன். செல்கள் பெருகவேயில்லை. காலிக் குப்பியை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: இல்லை. 25 மைக்ரோகிராம் என்பது தூள் உப்பின் ஒரு பரலில் பாதிகூட வராது. அது காய்ந்து அடியில் படிந்திருக்கும், அல்லது மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும். அதனால்தான் திறக்கும் முன் சில நொடி சென்ட்ரிஃபியூஜில் சுற்றச் சொல்கிறோம். நீங்கள் எடுத்தவுடன் மூடியைத் திறந்திருப்பீர்கள்.

அடுத்த தவறு தண்ணீர். இவ்வளவு நீர்த்த புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பத்து நாளில் செல்லுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த முறை 0.1% பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தப் புரதம்) கலந்த பி.பி.எஸ். பஃபர் என்ற உப்புக் கரைசல் 250 மைக்ரோலிட்டரில் கரையுங்கள். சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறைய வையுங்கள். ஒரு பங்கை ஒரு தடவைதான் உருக்க வேண்டும்.

ஒரே ஒரு விலக்கு. புரதத்தில் ஒளிரும் சாயம் ஏற்றப் போகிறீர்கள், அல்லது மணிகளில் ஒட்டப் போகிறீர்கள் என்றால் பி.எஸ்.ஏ. கூடவே கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.1% என்றால் மில்லிக்கு 1 மில்லிகிராம். உங்கள் புரதம் மில்லிக்கு 100 மைக்ரோகிராம். பத்துப் பங்கு பி.எஸ்.ஏ. இருக்கும்போது சாயம் எதில் போய் ஏறும்? அந்த வேலைக்கு 'கேரியர் ஃப்ரீ' (பி.எஸ்.ஏ. போன்ற துணைப் புரதம் கலக்காதது) என்று லேபிளில் போட்டதைத்தான் வாங்க வேண்டும். செல்களில் போட மட்டும் என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

இனி என் பழைய புலம்பல். இந்தப் புரதம் சாதா, சி25ஐஐ என இரண்டு வகையில் வருகிறது. ஏஜென்ட் "ரெண்டும் ஒண்ணுதான், இது விலை கம்மி" என்பார். ஒன்றில்லை. உடலில் இந்தப் புரதத்தின் முனையிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் ஒரு கொழுப்பு அமிலம் ஒட்டியிருக்கும். இந்தப் புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தால், அது கொழுப்பை ஒட்டித் தராது. அந்தக் குறையை ஈடுகட்ட, சிஸ்டீனை எடுத்துவிட்டு ஐசோலூசின் என்ற வேறு அமினோ அமிலம் இரண்டை வைக்கிறார்கள். அதுதான் சி25ஐஐ. அது இல்லாத சாதா வகைக்குப் பல மடங்கு டோஸ் வேண்டும். கொட்டேஷனில் இரண்டுக்கும் ஒரே பெயர். கொள்முதல் கமிட்டிக்குக் கடைசிக் கட்டத்திலுள்ள தொகை மட்டும்தான் கண்ணில் படும். மாதக்கணக்கில் கோப்பு நகர்ந்து வந்து சேர்வது, கேட்ட பொருளாக இருக்காது!

'95% தூய்மை' என்று காட்டினால் மயங்காதீர்கள். கொதிக்க வைத்துக் கெடுத்த புரதமும் தூய்மை பார்க்கும் ஜெல் சோதனையில் அதே பட்டையைத்தான் காட்டும். புரதம் வேலை செய்கிறது என்று காட்டும், உங்கள் லாட் நம்பருக்கான ஆக்டிவிட்டி சர்டிஃபிகேட்டைக் கேளுங்கள். டீலர் பிரித்து வேறு குப்பியில் ஊற்றிக் கொடுத்தால் திருப்பி அனுப்புங்கள்.

செல்களின் மீதும் சந்தேகப்படுங்கள். சிறுமூளையில் பர்கிஞ்சி என்ற நரம்புச் செல்கள் சுரக்கும் இந்தப் புரதம்தான், பின்னால் கிரான்யூல் நரம்புச் செல்களாக மாறும் முன்னோடிச் செல்களைப் பெருக்குகிறது என்று 1999-இல் காட்டினார்கள். பிறந்து 5 முதல் 7 நாளான குட்டிகளில் அவை ஏராளம். இரண்டு வாரம் தாண்டினால் தேட வேண்டியதுதான். செல் வளர்க்கும் தட்டின் பக்கத்துக் குழியில் எஸ்.ஏ.ஜி. என்ற சின்ன மூலக்கூறைப் போட்டுப் பாருங்கள். அது நீங்கள் வாங்கிய புரதத்தை எதிர்பார்க்காமல், செல்லுக்குள் சேதி கடத்தும் ஸ்மூதன்ட் என்ற செல் புரதத்தை நேரே தூண்டும். அதில் பெருகினால் செல்கள் நல்லவை, குற்றம் புரதத்தில். அதிலும் பெருகாவிட்டால் ஏஜென்ட்டைத் திட்டிப் பயனில்லை.

இப்போது குப்பியின் லேபிளைப் பாருங்கள். சி25ஐஐ என்று இல்லையென்றால், இந்தச் செல்களுக்கு மில்லிக்கு 3 மைக்ரோகிராம் வரை போட வேண்டியிருக்கும். 25 மைக்ரோகிராம் 8 மில்லி மீடியத்துக்குத்தான் (செல் வளர்க்கும் திரவம்) காணும். அதை வைத்துச் சோதனையைத் திட்டமிடுங்கள்.