மாதம் ஒரு கொலைக்கேஸ் பெட்டி: 540 ராண்டா, 1,125 ராண்டா?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். நான், கணவர், பதினோராம் வகுப்பு படிக்கும் மகள், மாமியார், ஆக வீட்டில் நான்கு பேர். ஆறு மாதமாக அமெரிக்காவிலிருந்து ஒரு துப்பறியும் விளையாட்டு பார்சலில் வருகிறது. மாதம் ஒரு பெட்டி, ஆறு பெட்டி சேர்ந்தால் ஒரு கேஸ். போன வாரம்தான் கொலையாளியைக் கண்டுபிடித்தோம், மகள்தான் முதலில் சொன்னாள். பெட்டி 30 டாலர், அதாவது 540 ராண்ட்தானே, அதற்கு இவ்வளவு சந்தோஷம் கிடைக்கிறதே என்பது என் கட்சி. "காசு கொடுத்துக் கொலையை வாங்குகிறீர்களா" என்பது மாமியார் கட்சி (ஆனால் எல்லா சனிக்கிழமையும் அவரும் மேஜையில் உட்கார்ந்துவிடுகிறார்). இப்போது கம்பெனிக்காரர்கள் ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பெட்டி விலையில் 15 சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். கிரெடிட் கார்டில் கட்டலாம் என்று நினைக்கிறேன். கார்டில் ஏற்கெனவே 14,000 ராண்ட் பாக்கி, வட்டி 20 சதவீதம். கட்டட்டுமா, இல்லை விளையாட்டையே நிறுத்திவிடட்டுமா?

பதில்: விளையாட்டை நிறுத்த வேண்டாம். வருடச் சந்தாவைக் கட்ட வேண்டாம். அவசரமாக இருப்பவர்கள் இதோடு போய்விடலாம், மற்றவர்கள் கணக்கைப் பார்க்க உட்காருங்கள்.

உங்கள் 540 தப்பு. கேள்வியோடு அனுப்பிய ரசீதுகளைப் பார்த்தேன். பெட்டி 30 டாலர் சரி, ஆனால் அனுப்பும் செலவு என்று ஒவ்வொரு மாதமும் 18 டாலர் தனியாகப் போயிருக்கிறது. டாலருக்கு 18 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் 48 டாலர் 864 ராண்ட். அப்புறம் வாட் (மதிப்புக் கூட்டு வரி). இங்கே சுங்கத்தில் பொருளின் விலையோடு 10 சதவீதம் கூட்டி, அதன் மேல்தான் 15 சதவீதம் வாட் போடுவார்கள். 33 டாலருக்கு 15 சதவீதம் என்றால் சுமார் 89 ராண்ட். கூரியர்காரர் சுங்கத்தில் எடுத்துக் கொடுத்ததற்கு 150 ராண்ட் வாங்கியிருக்கிறார். வெளிநாட்டுப் பணமாக மாற்றியதற்கு உங்கள் பேங்க் இரண்டரை சதவீதம் எடுத்திருக்கிறது, அது 22 ராண்ட். கூட்டிப் பாருங்கள், 1,125. நீங்கள் நினைத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. ஒரு கேஸ் முடிய ஆறு மாதத்துக்கு 6,750 ராண்ட்.

விளையாட்டில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டு, யாருக்கு நோக்கம் இருந்தது, யாருக்கு வாய்ப்பு இருந்தது என்று பெயர் பெயராக அடித்துக்கொண்டு வந்த நீங்கள், கார்டு ஸ்டேட்மென்ட்டை மட்டும் விசாரிக்காமல் விட்டுவிட்டீர்கள்!

இப்போது அந்த 15 சதவீதத் தள்ளுபடிக்கு வருவோம். தள்ளுபடி பெட்டி விலையில் மட்டும்தான். 30 டாலரில் நாலரை டாலர் குறையும், அதாவது மாதம் 81 ராண்ட். அனுப்பும் செலவும் கூரியர் கட்டணமும் அப்படியே பன்னிரண்டு தடவை வரும். இந்த 81 ராண்டுக்காக நீங்கள் இன்றைக்கே 306 டாலர், சுமார் 5,500 ராண்டை, 20 சதவீத வட்டிக் கார்டில் ஏற்றப்போகிறீர்கள். ஏற்கெனவே இருக்கும் 14,000 பாக்கிக்கே மாதம் 233 ராண்ட் வட்டி ஓடுகிறது. தள்ளுபடியை வட்டி தின்றுவிடும்.

இன்னொரு விஷயம், மாதச் சந்தா பெட்டி விற்கும் கம்பெனிகள் எல்லாமே நீண்ட நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. நடுவில் கடையை மூடினால் உங்கள் கேஸ் நான்காவது பெட்டியோடு நின்றுவிடும். இணையத்தில் வாங்கிய பொருளை ஏழு நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நம் 2002ஆம் வருட மின்னணு பரிவர்த்தனைச் சட்டம் பெரும்பாலான பொருட்களுக்குத் தருகிறது, வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினாலும் அது பொருந்தும் என்றே எழுதியிருக்கிறது. ஆனால் காகிதத்தில் உரிமை இருப்பது வேறு, அமெரிக்காவில் இருப்பவரைப் பிடித்துப் பணம் வாங்குவது வேறு. பொருள் வரவே இல்லை என்றால் பேங்க் மூலம் கார்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதற்கும் காலக்கெடு உண்டு. வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு ஒன்பதாம் மாதம் போய் நின்றால் இழுபறிதான்.

அப்படியானால் எப்படி விளையாடுவது? முடிந்துபோன ஒரு கேஸின் ஆறு பெட்டிகளையும் ஒரே பார்சலில் கேளுங்கள். பல கம்பெனிகள் பழைய கேஸ்களை அப்படி விற்கின்றன. ஆறு பெட்டி 180 டாலர், மொத்தமாக அனுப்ப 45 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 4,050 ராண்ட். வாட் சுமார் 535, கூரியர் கட்டணம் ஒரே தடவை 150, பேங்க் பிடித்தம் 101. ஆக 4,836. மாதாமாதம் வாங்குவதைவிட 1,900 ராண்டுக்கு மேல் மிச்சம், மாதத்துக்கு 319. கம்பெனி காட்டிய 81 எங்கே, இது எங்கே. பார்சல் வந்ததும் மாமியார் கையில் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், மாதம் ஒன்றாகத்தான் வெளியே வர வேண்டும். அவர் கறாராக இருப்பார் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோதே தெரிந்தது.

இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. துப்பறியும் கேஸை ஒரு தடவைதான் ஆட முடியும், கொலையாளி யார் என்று தெரிந்தபின் அந்தப் பெட்டி உங்களுக்கு வெறும் காகிதம். பக்கத்து வீட்டுக்கு அது இன்னும் புத்தம் புதுசு. ஆகவே போலீஸ் ரிப்போர்ட், கடிதம், சங்கேத எழுத்துத் தாள் எதிலும் பேனா படாமல், நகல் எடுத்து அதில் எழுதுங்கள். மூன்று குடும்பம் சேர்ந்தால், சீட்டுப் பணம் கட்டுவதுபோல வீட்டுக்கு மாதம் சுமார் 270 ராண்ட், ஆறு மாதம். டர்பனுக்குள்ளேயே ஃபீனிக்ஸிலோ மியர்பேங்கிலோ சொந்தக்காரர்கள் இருப்பார்கள்தானே. முதலில் ஆடிய வீட்டார் வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. நான்கு பேர் கேட்வே மாலுக்குப் போய் ஒரு படம் பார்த்து, பாப்கார்னும் வாங்கித் திரும்பும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இது எனக்கு ஆடம்பரமாகத் தெரியவில்லை.

டாலரே வேண்டாம் என்றால், இங்கேயே ராண்டில் விற்கும் ஒருமுறை ஆட்டப் பெட்டிகள் இருக்கின்றன. எக்ஸிட் (Exit) என்ற வகைப் பெட்டியில் தாளை வெட்டவும் மடிக்கவும் வேண்டியிருக்கும், அதனால் கைமாற்ற முடியாது. அன்லாக் (Unlock) என்ற வகையின் சீட்டுகளை முடித்தபின் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். வீட்டிலேயே பிரிண்ட் எடுத்து ஆடும் கேஸ்களும் உண்டு, அதற்கு அனுப்பும் செலவும் கிடையாது, கூரியரும் கிடையாது.

பெட்டியின் மேல் அன்பளிப்பு என்று எழுதச் சொன்னால் வாட் கட்ட வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சலுகை ஒருவர் கேட்காமலே அனுப்பும் பரிசுக்கு. நீங்களே காசு கட்டி வாங்கியது பரிசாகாது, அது பொய்க்கணக்கு. 89 ராண்டுக்காக சுங்கத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். தபாலில் அனுப்பச் சொன்னால் மலிவு என்பதும் இப்போது ஆபத்தான யோசனை. 2023 ஜூலையில் தபால் துறையே வணிக மீட்பு நடவடிக்கைக்குள் (கடனில் மூழ்கும் நிறுவனத்தைக் காப்பாற்றும் சட்ட ஏற்பாடு) போய், பல கிளைகள் மூடப்பட்டுவிட்டன. ஆறு பெட்டி ஒரே பார்சலில் வரும்போது டிராக் செய்ய முடிகிற கூரியருக்குக் கொடுக்கும் காசு தண்டமில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது: இப்போதைய சந்தாவில் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருக்கும், அதைக் கம்பெனியின் பக்கத்திலேயே போய் ரத்து செய்து, ரத்தானதற்கான மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். இது டெபிட் ஆர்டர் (பேங்க் கணக்கிலிருந்து நேராகப் போகும் மாதப் பிடித்தம்) அல்ல, கார்டில் போகும் பிடித்தம். அதனால் டெபிட் ஆர்டரை நிறுத்துவதுபோல எல்லா பேங்க் ஆப்பிலும் தட்டி நிறுத்த முடியாது. அடுத்த தடவை பேங்க் ஆப்பில் ஒரு விர்ச்சுவல் கார்டு (இணையத்தில் வாங்குவதற்கான தனி கார்டு எண்) எடுத்து, வாங்கும் தொகைக்கு மட்டும் வரம்பு வைத்து வாங்குங்கள். மாதம் 1,125 போய்க்கொண்டிருந்தது அல்லவா, அதில் 270ஐ விளையாட்டுக்கு வைத்துவிட்டு மீதி 855ஐ வழக்கமாகக் கட்டும் தொகையோடு சேர்த்து அந்த 14,000 மேல் போடுங்கள். அடுத்த வருடம் மகள் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு), அப்போது கார்டில் பாக்கி இருக்கக் கூடாது.

கம்பெனிக்கு எழுதும்போது மூன்றைக் கேளுங்கள்: ஆறும் ஒரே பார்சலில் வருமா, டர்பனுக்கு அனுப்ப எவ்வளவு, சுங்கப் படிவத்தில் என்ன விலை போடுவார்கள். மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் அவர்களிடம் வாங்காதீர்கள், வேறு கம்பெனியைப் பாருங்கள்.