கணவரின் உறக்கமின்மை: அலுவலகத்துக்குத் தெரியாமல் ஆலோசனை பெற

சகோதரிக்கு வணக்கம். மன்னார்குடிப் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருக்கும் தங்கள் கணவர், பயிர்ச்சேதக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து நள்ளிரவிலும் அடங்கல் என்னும் பயிர்க் கணக்குப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு உறங்காமல் இருக்கிறார் என்றும், ஆலோசனைக்குப் போனால் தாலுகா அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமென அஞ்சுகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை மருத்துவர்கள் இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. ஊர்வாய்க்குத்தான் சட்டம் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அவர் தயங்கினால் முதலில் தாங்களே அழையுங்கள், குடும்பத்தாரும் பேசலாம். நேரில் பார்ப்பதானால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை வெறுத்து ஒரு சொல் சொன்னாலும் விடியும்வரை காத்திராமல், அவரைத் தனியே விடாமல், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.