வலைச் செயலிக்கு வெளி காம்போனன்ட் எடுக்கலாமா, நாமே எழுதிக்கொள்ளலாமா?

கேள்வி கேட்டவர் கோலாலம்பூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை செய்கிறார். கிடங்குச் சரக்குக் கணக்குக்காக ஒரு வலைச் செயலி எழுதுகிறார்கள். திரையில் ஒரு பெரிய அட்டவணை, தேதிப் பெட்டி, சில டிராப்டவுன்கள், இவ்வளவுதான். இப்படித் திரையில் வரும் ஒவ்வொரு துண்டும் ஒரு காம்போனன்ட், அவற்றை ஆயத்தமாக எழுதிச் சேர்த்து வைத்த தொகுப்பு காம்போனன்ட் லைப்ரரி. பாஸ் "காசு கொடுத்து ஒரு காம்போனன்ட் லைப்ரரி வாங்கிவிடலாம்" என்கிறார். டீமில் மூத்தவர் "வெளியார் கோட் வேண்டாம், நாமே எழுதுவோம்" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறார்.

அட்டவணையைப் பொறுத்தவரை பாஸ் சொல்வதுதான் சரி. ஆனால் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம், 11 வருடமாக வலைச் செயலி எழுதுகிறேன். எங்கள் டீமில் நான்கு பேர். உங்கள் மூத்தவர் சொன்ன வழியில் நாங்களும் ஒருமுறை போனோம். ஒரு டிராப்டவுன், அவ்வளவுதானே என்று சொந்தமாக எழுதினோம். இரண்டு நாளில் முடிந்தது, பார்க்கவும் அழகாக இருந்தது. அப்புறம்தான் வேலை ஆரம்பித்தது. கவுன்டரில் வேலை செய்பவர்கள் மௌஸைத் தொடவே மாட்டார்கள். டேப், அம்புக்குறி, என்டர், இந்த மூன்றிலேயே நாள் முழுக்க ஓட்டுவார்கள். எங்கள் பெட்டி டேப்புக்கு நிற்கவில்லை. அதைச் சரி செய்தால் எஸ்கேப் அழுத்தினால் மூடவில்லை. மூடினால், கர்சர் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பக்கத்தின் உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. போனில் பட்டியல் திரைக்கு வெளியே விழுந்தது. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அதைப் பட்டியல் என்றே அறியவில்லை. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க மூன்று மாதம். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்டுள்ள ஏரியா (ARIA) என்ற அணுகல் வழிகாட்டியில், தேடக்கூடிய ஒரு டிராப்டவுன் எந்த விசைக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தனியாக ஒரு பகுதியே இருக்கிறது. அதை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு நல்ல லைப்ரரிக்குள் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

அட்டவணை அதைவிடக் கஷ்டம். 8,000 வரிகளை அப்படியே பக்கத்தில் கொட்டினால் பிரவுசர் திணறும். கண்ணுக்குத் தெரியும் 30, 40 வரிகளை மட்டும் வரைந்து, உருட்ட உருட்ட மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு வரிசைப்படுத்துவது, வடிகட்டுவது, பத்தியின் அகலத்தை இழுப்பது எல்லாம் வேண்டும். உங்கள் கம்பெனிக்குச் சோறு போடுவது சரக்குக் கணக்கு. கிரிட், அதாவது இந்த மாதிரி அட்டவணை, எழுதுவது உங்கள் தொழில் இல்லை. ஆகவே எடுங்கள்.

சரி, அந்த ஒரு வேலைக்கு வருகிறேன்.

ஒரு காம்போனன்ட்டை எழுதியவர் மனத்தில் ஒரு பயனர் இருப்பார். அந்தப் பயனருக்கு முதல் பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று. சனி, ஞாயிறு லீவு. ஓர் எழுத்து என்றால் ஒரு குறியீடு. எழுதியவர் கெட்டவர் இல்லை, அவருக்குத் தெரிந்த உலகம் அது. நம் ஆட்களை அவர் பார்த்ததே கிடையாது. பார்த்திருப்பது நாம்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தனியார் கிளினிக் குழுமத்துக்கு நோயாளிப் பதிவுச் செயலி செய்தோம். பினாங்குத் தீவில் ஒன்று, பட்டர்வொர்த்தில் ஒன்று, சுங்கை பட்டாணியில் ஒன்று என்று மூன்று கிளைகள். படிவத்துக்கு ஒரு வெளி லைப்ரரி எடுத்திருந்தோம். அதில் பெயருக்கென்று ஆயத்தமாக ஒரு சரிபார்ப்பு விதி இருந்தது. எழுத்து, இடைவெளி, சிறு கோடு, மேற்கோள் குறி, இவை மட்டும் வரலாம். பார்த்தோம், நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டோம். முதல் நாள் காலை 9 மணிக்குக் கவுன்டர் அக்கா போன் செய்தார். "தம்பி, நம்ம ஆளுங்க பேரு ஒன்னும் ஏற மாட்டேங்குது."

காரணம் அந்தச் சாய்கோடு. மலேசியாவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே நம் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' வரும். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான், அதாவது மகன், மகள். அந்தச் சாய்கோட்டை லைப்ரரி ஏற்கவில்லை. மலாய்க்காரர்கள் மகன், மகள் என்பதற்குப் போடும் 'பின்', 'பிந்தி' ஏறியது. சீனப் பெயர்கள் ஏறின. தமிழர் பெயர்கள் மட்டும் சிவப்பு எழுத்தில் 'தவறான பெயர்' என்று திரும்பி வந்தன. வரிசையில் நின்ற ஒரு பாட்டி, "என் பேரு தப்பா?" என்று கேட்டாராம். அக்கா அதைச் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

விதியைத் திருத்த 10 நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் நடந்ததைச் சரிசெய்யத்தான் இரண்டு வாரம் போனது. காலை நேர நெரிசலில் கவுன்டரில் இருந்தவர்கள் சாய்கோட்டை விட்டுவிட்டுப் பெயரைச் சேர்த்தே அடித்துவிட்டார்கள். சிலர் இடைவெளி விட்டார்கள், சிலர் அப்பா பெயரையே விட்டுவிட்டார்கள். அட்டையிலுள்ள பெயரோடு பொருந்தாததால் காப்புறுதிக் கோரிக்கைகள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றாக ஐ.சி. எண்ணை, அதாவது அடையாள அட்டை எண்ணை, வைத்துத் தேடித் திருத்தினோம்.

சுங்கை பட்டாணிக் கிளையில் வந்தது நாட்காட்டி. அது கெடா மாநிலம். அங்கே அரசாங்க வார விடுமுறை வெள்ளியும் சனியும். கிளந்தானும் திரெங்கானுவும் அப்படித்தான். ஜொகூரும் 2014 முதல் அப்படி இருந்து, 2025 ஜனவரி 1 அன்றுதான் மறுபடி சனி, ஞாயிறுக்கு மாறியது. அந்தக் கிளை வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், ஞாயிறு திறந்திருக்கும். நாங்கள் எடுத்த காலண்டரோ ஞாயிற்றுக்கிழமையைச் சாம்பல் நிறமாக்கிப் பூட்டி வைத்தது. விடுமுறை நாள் எது என்று சொல்ல அதில் வழியே இல்லை, கோடுக்குள் பதிந்து கிடந்தது. அன்றே அதைத் தூக்கிவிட்டு வேறொன்று தேடினோம். இப்போது காலண்டர் என்றாலே நான் முதலில் பார்ப்பது, வார விடுமுறையையும் வாரத்தின் முதல் நாளையும் நாம் கொடுக்க முடிகிறதா என்பதைத்தான்.

பிரவுசரோடு வரும் தேதிப் பெட்டியே போதாதா என்று சிலர் கேட்பார்கள். பல இடங்களில் போதும், நானே பயன்படுத்துகிறேன். மேலெழும் உரையாடல் பெட்டிக்கும் 2022 முதல் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் உள்ளமைந்த வசதி வந்துவிட்டது, அதற்கு லைப்ரரி தேவையில்லை. ஆனால் தேதியில் ஒரு சிக்கல். பெட்டி எந்த வரிசையில் நாளைக் காட்டும் என்பதைப் பிரவுசரின் மொழி அமைப்புதான் முடிவு செய்கிறது. நம் ஊர்க் கணினிகள் பலவற்றில் அமெரிக்க ஆங்கிலம் போட்டபடியே கிடக்கும். அங்கே மாதம் முன்னால் வரும். 03/04 என்றால் மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ? கிளினிக்கில் இது விளையாட்டு இல்லை. ஐ.சி. எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்பதால், அதிலிருந்தே பிறந்த தேதியை எடுத்து, மாதத்தை எழுத்தில் காட்டிவிடுகிறோம். தேதிப் பெட்டியே அங்கே தேவைப்படவில்லை.

இனித் தமிழ் எழுத்து. இதைப் பற்றிப் பேச எனக்கு ஆசை அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் இல்லாதவருக்கு ஒரு வட்டத்துக்குள் பெயரின் முதல் எழுத்தைப் போடும் காம்போனன்ட் பார்த்திருப்பீர்கள். 'கோமதி' என்று கொடுத்தால் பல லைப்ரரிகள் 'க' என்றுதான் காட்டும். ஏனென்றால் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் 'கோ' என்பது இரண்டு குறியீடு, க ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. முதல் குறியீட்டை மட்டும் அது வெட்டி எடுத்துக்கொள்கிறது. சீதா, சுந்தரி, சோமு எல்லாருக்கும் ஒரே 'ச'. இதற்கு ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே இன்டல்.செக்மென்டர் இருக்கிறது, எழுத்தை முழு எழுத்தாகப் பிரித்துத் தரும். பயர்பாக்ஸில் 2024இல்தான் வந்தது, மற்றவற்றில் அதற்கு முன்பே உண்டு.

தேடும் டிராப்டவுனில் இன்னும் மோசம். 'க' என்று அடித்ததும் பொருந்திய பகுதியைத் தடித்த எழுத்தாக்குவார்கள். 'கோமதி'யில் 'க' மட்டும் தடித்து, ஓகாரக் குறி பிரிந்து, நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தோடு அனாதையாக நிற்கும். அதைப் பார்த்த கிளையன்ட் "ஃபான்ட் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். ஃபான்ட்டில் ஒரு குறையும் இல்லை, வெட்டிய இடம்தான் தப்பு.

அதே மாதிரி 'கொ'. இதை ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. தேடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பொருந்திவிடும். ஆனால் 'கௌரி'யைப் பலர் 'கெ', 'ள', 'ரி' என்று அடித்து வைத்திருப்பார்கள் பாருங்கள், அதை எந்த என்எஃப்சியும் சரி செய்யாது. அதற்கு நாமேதான் ஒரு விதி எழுத வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்தவர் மட்டுமே எழுதக்கூடிய விதி அது.

இதனால்தான் எங்கள் ஆபீஸில் ஒரு கோப்பு வைத்திருக்கிறோம். 40 பெயர், 12 தேதி. ஏ/எல், ஏ/பி உள்ள பெயர்கள், அப்பா பெயரே இல்லாத ஒற்றைப் பெயர், மேற்கோள் குறியோடு வரும் டி'குரூஸ், குடும்பப் பெயர் முன்னால் வரும் சீனப் பெயர், திரையின் பாதி அகலத்துக்கு நீளும் மலாய்ப் பெயர், தமிழ் எழுத்தில் கௌரி இரண்டு விதமாக. எந்த காம்போனன்ட்டை எடுப்பதற்கு முன்னும் இந்தக் கோப்பை அதில் ஏற்றி, மௌஸைக் கழற்றி வைத்துவிட்டு அரை நாள் ஓட்டிப் பார்ப்போம். டெமோ பக்கத்தில் அவர்கள் கொடுத்திருக்கும் பெயர்களில் எல்லாம் நன்றாகத்தான் நடக்கும்.

லைசன்ஸைப் பற்றிச் சுருக்கமாக. டெமோவில் பார்ப்பதெல்லாம் இலவசம் என்று நினைக்காதீர்கள். ஏஜி கிரிட் என்ற அட்டவணை லைப்ரரியின் கம்யூனிட்டி பதிப்பு எம்ஐடி லைசன்ஸ், அதாவது இலவசமாகப் பயன்படுத்தலாம், ஆனால் வரிகளைக் குழுவாக்குவதும் எக்செல் கோப்பாக ஏற்றுமதி செய்வதும் காசு கட்டும் எண்டர்பிரைஸ் பதிப்பில். சரக்குக் கணக்கு என்றால் உங்கள் கிளையன்ட் எக்செல் கேட்காமல் விட மாட்டார், இப்போதே கேட்டு வையுங்கள். சின்க்ஃபியூஷன் என்ற காம்போனன்ட் தொகுப்பில் சிறு நிறுவனங்களுக்கு இலவச லைசன்ஸ் உண்டு. ஆண்டு வருமானம் 10 லட்சம் அமெரிக்க டாலருக்குக் கீழே, டெவலப்பர்கள் 5 பேருக்குள் என்பன அதன் வரம்புகளில் சில. லைசன்ஸ் மாறவும் செய்யும். ஹேண்ட்சன்டேபிள் என்ற அட்டவணை லைப்ரரி 2019இல் 7ஆம் பதிப்போடு திறமூலத்திலிருந்து வெளியேறியது. அதை நம்பி வணிகச் செயலி எழுதியவர்கள் பழைய பதிப்பிலேயே நிற்பதா, காசு கட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

உங்கள் மூத்தவரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2018 டிசம்பர் 25 அன்று, ஆன்ட் டிசைன் லைப்ரரி பயன்படுத்திய தளங்களில் பட்டன்களின் மேல் திடீரென்று பனி படர்ந்தது. கிறிஸ்துமஸுக்காக ஒருவர் மாதங்களுக்கு முன்பே கோடுக்குள் எழுதி வைத்தது அது. தேதி வந்ததும் தானாக விழித்துக்கொண்டது. கிறிஸ்துமஸ் கொண்டாடாத அலுவலகங்களின் திரைகளிலும் அதே பனிதான். வெளிக் கோடுக்கு வீட்டுக்குள் இடம் கொடுத்தால் இந்த அபாயமும் கூடவே வரும். அதற்கு நாங்கள் செய்வது, பதிப்பு எண்ணைப் பூட்டி வைப்பது, அப்டேட்டை மாதம் ஒருமுறை மட்டும், மாற்றக் குறிப்பைப் படித்த பிறகு எடுப்பது.

இன்னொன்றும் செய்வோம். எந்த வெளி காம்போனன்ட்டையும் திரைகளில் நேராகக் கூப்பிட மாட்டோம். நம் பெயரில் ஒரு உறை எழுதி, அதற்குள் வைப்போம். திரைகளுக்குத் தெரிந்தது 'நம் தேதிப் பெட்டி' மட்டும்தான், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. நம் விடுமுறை நாள், நம் பெயர் விதி, நம் எழுத்துப் பிரிப்பு எல்லாம் அந்த உறையில் இருக்கும். கிளினிக் காலண்டரை மாற்றியபோது அந்த உறை இல்லை, ஒவ்வொரு திரையாகப் போய்த் திருத்தினோம். உறை போட்ட பிறகு போன வருடம் மறுபடி ஒரு லைப்ரரியை மாற்றினோம். ஒரே கோப்பு, ஒன்றரை நாள்.

உங்கள் விஷயத்துக்கு நான் சொல்லக்கூடியது இது. கிரிட்டை வாங்குங்கள். தேதிக்கும் டிராப்டவுனுக்கும் தனியாக லைப்ரரி தேடாமல், அதே தொகுப்பில் இருப்பதையே முதலில் சோதியுங்கள். டிரையல் பதிப்பை இந்த வாரமே இறக்கி, உங்கள் கிடங்கில் இப்போது எக்செல்லில் இருக்கும் உண்மையான பட்டியலை, சப்ளையர் பெயர்களோடு சேர்த்து, திருத்தாமல் அப்படியே ஏற்றுங்கள். உங்கள் மூத்தவரையே உட்காரவைத்து, மௌஸ் இல்லாமல் ஓட்டச் சொல்லுங்கள். அவர் கண்ணில்தான் ஓட்டை முதலில் படும். எங்காவது பெயர் உடைந்தால், எந்தப் பெயர், எந்த இடத்தில் என்று இங்கேயே கருத்தில் எழுதுங்கள். எங்கள் 40 பெயர் கோப்பில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.