கதையை யாரிடம் கொண்டுபோவது? – திரைக்கதை கேள்வி பதில்

திரைக்கதையை எழுதி முடித்துவிட்டு 'அடுத்து என்ன?' என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

142 பக்கத்தில் முழுத் திரைக்கதை எழுதி, பதினைந்து தயாரிப்பு நிறுவனங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். ஆறு மாதமாகியும் ஒருவரும் பதில் போடவில்லை. கதையில் குறையா, அனுப்பிய விதத்தில் குறையா?
– வாசகர், தேனி

கதையில் குறை இருக்கிறதா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. பெரும்பாலும் யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். கேட்காமல் வந்த திரைக்கதையைத் திறந்தால், நாளைக்கு அதே சாயலில் அவர்கள் ஒரு படம் எடுக்கும்போது வக்கீல் நோட்டீஸ் வரும் என்ற பயம் நிறுவனங்களுக்கு உண்டு. அதைவிடப் பெரிய காரணம், கோடம்பாக்கத்தில் கதையைக் கேட்கிறார்கள், படிப்பது குறைவு. 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று நான்குக்கும் ஒரே பெயர் போடும் வழக்கம் இங்கே வேரூன்றியது. தயாரிப்பாளர் கதையைத் தனியாக வாங்குவதில்லை, கதையோடு வரும் இயக்குநரைத்தான் தேடுகிறார். இயக்கும் எண்ணம் இல்லாமல் எழுத மட்டும் வருகிறவருக்கு வாசல் வேறு.

அந்த வாசல், ஒரு படம் முடித்துவிட்டு இரண்டாவது படத்துக்குக் கதை தேடும் இயக்குநர். முதல் படத்தின் கதையை அவர் பல வருடம் மனதில் சுமந்திருப்பார். அடுத்ததைச் சில மாதங்களில் தேற்றியாக வேண்டும். எழுத்தாளர் தேவை என்று அவர் மனதார ஒப்புக்கொள்ளும் நேரம் அதுதான். நேராக அவரைப் பிடிக்க முடியாவிட்டால், படத்தின் டைட்டில் கார்டைப் பொறுமையாகப் பார்த்து இணை இயக்குநர், துணை இயக்குநர் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கதை விவாதத்தில் உட்காருவது அவர்கள். படம் வெளியான வாரத்தில் தொந்தரவு செய்யாதீர்கள், மூன்று வாரம் போகட்டும்.

இரண்டாவது வாசல் ஓ.டி.டி. தொடர்கள். எட்டு எபிசோடை ஒருவர் தனியாக எழுதி மாளாது என்பதால் அங்கே எழுத்தாளர் குழு வைக்கிறார்கள். தொடர் எடுக்கும் நிறுவனங்களில் கதைப் பணிகளைக் கவனிக்கும் கிரியேட்டிவ் புரொட்யூசர்கள் தாளில் இருப்பதைப் படிக்கவும் செய்கிறார்கள். கதாநாயகனின் மேனேஜர் வழியாகப் போவது கடைசி வழி. அங்கே ஏற்கெனவே நீண்ட வரிசை நிற்கிறது.

முதல் மின்னஞ்சலில் முழு ஸ்கிரிப்டை இணைக்க வேண்டாம். நீங்கள் யார் என்று இரண்டு வரி, கதையை ஒரே வாக்கியத்தில் சொல்லும் ஒன்லைன், 'விருப்பமிருந்தால் இரண்டு பக்கச் சுருக்கம் அனுப்புகிறேன், நேரம் கொடுத்தால் 20 நிமிடத்தில் சொல்கிறேன்' என்று ஒரு வரி, இவ்வளவு போதும். இதில் ஒன்லைன்தான் பலருக்கும் சறுக்குகிறது. 'அநீதியைத் தட்டிக்கேட்கும் இளைஞனின் கதை' என்று எழுதினால் அது ஆயிரம் படத்துக்குப் பொருந்தும். 'தன் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வராமல் தடுப்பது தன் முதலாளிதான் என்று தெரிந்த பிறகும், தங்கை கல்யாணக் கடனுக்காக அவனிடமே தண்ணீர் லாரி ஓட்டும் ஒருவன்' என்றால் ஆள் யார், அவனுக்கு என்ன தேவை, அதை எது தடுக்கிறது என மூன்றும் வந்துவிடுகிறது. கேட்பவர் 'அப்புறம்?' என்பார்.

ஒரு இயக்குநர் கதை கேட்க அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். எப்படித் தயாராவது? எனக்குக் கோர்வையாகப் பேச வராது.
– வாசகி, பொள்ளாச்சி

அரை மணி நேரம் என்று சொன்னால் 20 நிமிடத்துக்குத் தயாராகுங்கள். இடையில் அவருக்கு இரண்டு போனாவது வரும். முழு நரேஷன், அதாவது கதை முழுவதையும் காட்சி காட்சியாக வாயால் சொல்வது, இரண்டு மணி நேரம். அதற்கு அவர் இன்னொரு நாள் கூப்பிட வேண்டும், இந்த 20 நிமிடத்தின் வேலையே அதுதான்.

முதல் மூன்று நிமிடத்துக்குள் முக்கியப் பாத்திரமும் அவருடைய சிக்கலும் வந்துவிட வேண்டும். பாத்திரங்களின் பெயர் ஐந்துக்கு மேல் போனால் கேட்பவருக்குக் குழம்பும். மற்றவர்களை 'மாமனார்', 'ஏட்டையா' என்று உறவாலோ வேலையாலோ சொல்லுங்கள். எட்டு அல்லது ஒன்பது நிமிடத்தில் இன்டர்வெல் வர வேண்டும். அந்தக் காட்சியை மட்டும் வசனத்தோடு விரிவாகச் சொல்லலாம். இரண்டாம் பாதியில் கிளைக்கதைகளை அப்படியே விட்டுவிட்டு முதன்மை இழையைப் பிடித்துக்கொண்டு போங்கள். கிளைமாக்ஸைக் கட்டாயம் சொல்லுங்கள். 'அதை ஸ்கிரீன்ல பாருங்க சார்' என்று சஸ்பென்ஸ் வைத்தால், முடிவு உங்களிடமே இல்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

'இந்த இடத்துல பி.ஜி.எம். பிச்சு உதறும்', 'தியேட்டர்ல விசில் பறக்கும்' என்பதெல்லாம் வேண்டாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் எதிரில் உட்கார்ந்திருப்பவர். வேறு படங்களை உவமை காட்டுவதையும் கூடியவரை தவிருங்கள். 'அந்தப் படம் மாதிரி' என்ற உடனே அவர் மனதில் ஓடுவது உங்கள் கதை அல்ல.

பேச வராது என்பது பெரிய குறையில்லை. போனில் பதிவு செய்து நீங்களே கேளுங்கள். எந்த இடத்தில் 'ஒரு நிமிஷம், முன்னாடி ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்' என்று பின்னால் போகிறீர்களோ, அங்கே திரைக்கதையிலேயே தகவல் தவறான இடத்தில் இருக்கிறது. தாளில் அதை மாற்றுங்கள். சினிமாவே பார்க்காத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், மறுநாள் அதே கதையை அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எதையெல்லாம் விட்டுவிடுகிறாரோ அவை உங்கள் 20 நிமிடத்துக்குத் தேவையில்லை.

சந்திப்பு முடிந்த அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். 'இன்று நான்கு மணிக்கு இந்தத் தலைப்பில் கதை கேட்டதற்கு நன்றி, சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்' என்று. மரியாதைக்கு மரியாதை, சாட்சிக்குச் சாட்சி.

கதையைப் பதிவு செய்யாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிறார்கள். எங்கே பதிவு செய்வது? எனக்கு நானே பதிவுத் தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைத்தால் போதுமா?
– வாசகர், விருதுநகர்

தபால் போதாது. ஒட்டாத உறையைக்கூட அனுப்பிவிட்டுப் பிற்பாடு உள்ளே எதையும் வைக்க முடியும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் தள்ளிவிடுவார்.

உருப்படியான வழிகள் இரண்டு. ஒன்று, எழுத்தாளர் சங்கப் பதிவு. சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம் தன் உறுப்பினர்களின் கதைகளைப் பதிவு செய்கிறது. மும்பையில் உள்ள திரைக்கதை எழுத்தாளர் சங்கத்திலும் உறுப்பினராகி இணையத்திலேயே பதியலாம், தமிழில் எழுதுகிறவர்களும் சேரலாம். இன்னொன்று, டெல்லியில் உள்ள மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகம், பேச்சு வழக்கில் காப்பிரைட் ஆபீஸ். இணையத்தில் 14-ஆம் எண் படிவத்தை நிரப்பி, இலக்கியப் படைப்பு என்ற பிரிவில் 500 ரூபாய் கட்ட வேண்டும். உடனே டைரி எண், அதாவது விண்ணப்பத்துக்கான அடையாள எண், கிடைக்கும். ஆட்சேபணைக்காக 30 நாள் வைத்திருந்து, பிறகுதான் பரிசீலனைக்கு எடுப்பார்கள். சான்றிதழ் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சான்றாக, அதாவது எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்கும்வரை ஏற்கப்படும் சான்றாக, நிற்பது இந்தப் பதிவு.

சட்டப்படி பதிவு கட்டாயமில்லை, எழுதிய கணமே உரிமை உங்களுடையதுதான். ஆனால் வழக்கென்று வந்தால் தேதி வேண்டும். 2018-இல் 'சர்கார்' வெளியாகும் முன், 2007-இல் 'செங்கோல்' என்ற தலைப்பில் சங்கத்தில் பதிந்து வைத்த கதையை முன்வைத்து ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். படத்தில் அவர் பெயரைப் போடுவதாகச் சமரசம் ஆனது. பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்தத் தேதி இல்லையென்றால் பேச்சே எழுந்திருக்காது.

ஒன்லைனை மட்டும் பதிந்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கரு, தீம், கதைப்போக்கு இவற்றுக்கு உரிமை கிடையாது, அவற்றை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காட்சி வரிசையோடு குறைந்தது 15, 20 பக்க ட்ரீட்மென்டாவது (வசனம் இல்லாத விரிவான கதைச் சுருக்கம்) பதிவாக வேண்டும். கதையைப் பெரிதாக மாற்றினால் மறுபடியும் பதியுங்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்கிரிப்டை அனுப்பினேன், 'ஒன்றும் புரியவில்லை' என்று பதில் வந்தது. திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கு தமிழுக்குப் பொருந்துமா?
– வாசகர், கும்பகோணம்

பாமினி யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு, அது இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடுக்கு மாற்றி, பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். சில திரைக்கதை மென்பொருள்கள் பி.டி.எஃப். ஆக்கும்போது கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அனுப்பும் முன் ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போனில் திறந்து பாருங்கள். அவர் படிக்கப் போவது அதில்தான்.

பக்கக் கணக்கு, ஆங்கிலத்தில் கூரியர் எழுத்துரு 12 புள்ளி அளவுக்கு ஏற்பட்டது. தமிழ்ச் சொற்கள் நீளம், எழுத்துருவுக்கு எழுத்துரு அகலம் வேறு. ஆகவே 140 பக்கம் என்றால் 140 நிமிடம் என்று நம்பாதீர்கள். பத்துக் காட்சிகளை நடிப்பது போல வாய்விட்டுப் படித்து, ஸ்டாப் வாட்ச்சில் நேரம் பார்த்து, பக்கத்துக்கு எவ்வளவு என்று உங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்ற பழைய முறையில் எழுதினாலும் தவறில்லை. தொடர் நிறுவனங்களுக்கு மட்டும் சர்வதேச வடிவத்தில் கொடுங்கள்.

25,000 ரூபாய் கட்டினால் பெரிய ஹீரோவிடம் கதை சொல்ல நேரம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், சேலம்

கூடாது. கதைக்குப் பணம் எழுத்தாளரை நோக்கித்தான் வர வேண்டும்.

சென்னைக்கு வந்து உதவி இயக்குநராகச் சேரக் குடும்பச் சூழல் இடம் தரவில்லை. ஊரில் இருந்தபடியே கவனம் பெற வழி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

உண்டு. கதையைச் சிறுகதையாகவோ நாவலாகவோ எழுதி வெளியிடுவது அதில் முதலாவது. இதைப் பலர் சுற்றுவழி என்று நினைக்கிறார்கள், எங்களுக்கு அது நேர்வழியாகவே படுகிறது. மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவல் 'விசாரணை' படமானது, பூமணியின் 'வெக்கை' நாவல் 'அசுரன்' படமானது. 'பேட்டை' நாவலை எழுதிய தமிழ்ப்பிரபா 'சார்பட்டா பரம்பரை'யில் பா. இரஞ்சித்தோடு சேர்ந்து எழுதினார். புத்தகம் வெளியான தேதியே உங்களுக்குத் தேதிச் சான்றாகவும் நிற்கும்.

குறும்படம் இன்னொரு வழி. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி எல்லாம் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சிக் குறும்படங்கள் வழியாக வந்தவர்கள். ஆனால் அது முதலில் இயக்குநரைக் காட்டும், எழுத்து அப்புறம்தான் தெரியும். வேறொருவர் இயக்கினால் 'எழுத்து' என்று தனிக் கார்டு போடச் சொல்லிப் பெற்றுக்கொள்ளுங்கள்.

தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் கோவா திரைப்பட விழாவை ஒட்டி நடத்தும் ஃபிலிம் பஜார் (இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார்) என்ற திரைப்படச் சந்தையில் திரைக்கதையாளர் பட்டறை ஒன்று இருக்கிறது. தேர்வாகும் சில திரைக்கதைகளுக்கு அனுபவசாலிகளின் வழிகாட்டல் கிடைக்கும், தயாரிப்பாளர்களிடம் கதையைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லவும் (பிட்ச்) இடம் உண்டு. ஆங்கிலத்தில் நல்ல சுருக்கம் தேவைப்படும். விழா நவம்பரில் என்றாலும் விண்ணப்பம் பல மாதம் முன்பே முடிந்துவிடும்.

ஒரு நிறுவனம் 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறது. எதைப் பார்த்துப் போடுவது?
– வாசகர், மதுரவாயல்

முதலில் அது ஆப்ஷனா, முழு உரிமை மாற்றமா என்று பாருங்கள். ஆப்ஷன் என்றால் குறிப்பிட்ட காலம், உதாரணமாக 12 மாதம், கதையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதற்கான பணம். 10,000 ரூபாய்க்கு முழு உரிமையையும் எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பகுதி, எவ்வளவு தொகை என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், பகுதி எழுதாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய. அந்த 'வேறு மாதிரி'யைத்தான் பல ஒப்பந்தங்களில் சிறிய எழுத்தில் நுழைத்துவிடுகிறார்கள். 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்', 'எல்லா மொழிகளிலும்' என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். ரீமேக், டப்பிங், தொடர் உரிமைகளைத் தனித்தனித் தொகையாகப் பிரித்துக் கேளுங்கள்.

மீதிப் பணம் எந்தக் கட்டத்தில் வரும் என்பதும் தாளில் இருக்கட்டும். கையெழுத்தின்போது, திரைக்கதையின் முதல் வரைவைக் கொடுத்தபோது, படப்பிடிப்பு தொடங்கும் முன் என்று மூன்றாகப் பிரியுங்கள். 'படம் வெளியான பின்' என்று பெரிய தொகையை ஒதுக்காதீர்கள். எத்தனை முறை திருத்தி எழுதித் தர வேண்டும் என்று எண்ணிக்கை போடுங்கள், இரண்டுக்கு மேல் போனால் தனித் தொகை.

டைட்டில் கார்டில் 'கதை' என்றா, 'கதை – திரைக்கதை' என்றா, யாருடைய பெயரோடு சேர்ந்து என்பதை அதே வார்த்தைகளில் எழுதி வாங்குங்கள். உரிமையை விற்ற பிறகும் படைப்பு என்னுடையது என்று கோரும் உரிமை 57-ஆம் பிரிவின்படி எழுத்தாளரிடமே இருக்கும். ஆனால் ஒப்பந்தத்தில் இல்லாத கார்டை வெளியீட்டுக்கு முந்தின நாள் கேட்டுப் போராடுவது பெரும் பாடு. கையெழுத்துப் போடும் முன் தாளைப் போனில் படம் எடுத்து ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். 'இப்பவே போடுங்க, ப்ரொட்யூசர் கிளம்புறார்' என்று அவசரப்படுத்தினால், நாளைக்கு அவர் திரும்பி வரும்வரை காத்திருக்கலாம்.